கட்டங்களுக்குள் ஐந்திணை

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வோர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் அமைத்த சொற்கட்டமே இன்றைய குறுக்கெழுத்துப் புதிர்களுக்கு முன்னோடி. பின்னர் தமிழிதழ்களும் இதற்கு இடமளித்தன. ஒரு பொருளை மையமாகக் கொண்ட புதிர் எப்போது மனநிறைவு தருகிறது என்பது ஆராயத்தக்கது.

பொருளைத் தலைப்பிலேயே அறிவித்துவிட்டு அதன் உறுப்புகளை வரிசையாகக் கேட்பது புதிரன்று, தேர்வுத்தாள். 'ஐந்திணை' எனத் தலைப்பிட்டு, மலைநிலத்தின் பெயர் யாது என வினவினால், கற்றவர் நொடியில் எழுதுவார். கல்லாதவர் இறுதிவரை எழுதமாட்டார். கண்டறியும் இன்பம் இருவருக்குமே இல்லை.

தலைப்பின்றி இவ்வாறு அமைத்துப் பார்ப்போம். கடலூர் மாவட்டத்து ஊர், குறிஞ்சிப்பாடி. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, முல்லைப்பெரியாறு. கோவையை அடுத்த முருகன் தலம், மருதமலை. நீரற்ற மணல்வெளி, பாலைவனம். நான்கும் தம்முள் தொடர்பற்றவை போலவே தோன்றும். ஐந்தாம் விடைக்குரிய குறிப்போ, 'இந்நால்வரோடு சேர வேண்டியவர்' என்பது மட்டுமே. நான்கின் முற்பகுதிகளையும் ஒருசேர நோக்கும் கணத்தில் நெய்தல் தானே வந்து அமர்கிறது. மருதமலையின் மூன்றாம் எழுத்தாகிய 'த' நெய்தலுக்கும் மூன்றாம் எழுத்தாதலால், ஊகத்திற்குக் கட்டமே சான்று பகர்கிறது. அறியாததை அறிந்தவற்றின் துணையால் அடையச் செய்வதே மையப்பொருளின் பணி என்பது நம் கருத்து.

தமிழில் இப்பணி எளிதன்று. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; நமக்கோ 247. ஒரே எழுத்தில் இரு சொற்கள் சந்திப்பது அரிது. மேலும், மெய்யெழுத்து சொல்லுக்கு முதலாகாது. குறிஞ்சிப்பாடியும் முல்லைப்பெரியாறும் 'ப்' என்னும் கட்டத்தில் சந்திக்கலாம். ஆனால் அக்கட்டத்தில் எந்தச் சொல்லும் தொடங்க இயலாது. இந்நெருக்கடியில் சிலர் அகராதியின் மூலையிலிருந்து வழக்கொழிந்த சொற்களை எடுத்து எஞ்சிய கட்டங்களை நிரப்புகின்றனர். மையச் சொற்கள் எத்துணை அழகாயினும், சுற்றியுள்ளவை வீட்டில் வழங்கும் சொற்களாக இல்லாவிடில் புதிர் பாதியிலேயே கைவிடப்படும்.

பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. பள்ளியில் தமிழ் பயிலாத பேரனுக்குத் திணை தெரியாது. ஆனால் செய்திகளில் அடிபடும் அணையின் பெயர் தெரியும். பாட்டிக்கு மருதமலையும் தெரியும், திணையும் தெரியும். நல்ல புதிர் இருவரையும் ஒரே தாளின் முன் அமர்த்துகிறது. தேர்வுத்தாளாக அமைந்த புதிரோ, 'உனக்குத் தமிழ் தெரியாது' என்று அச்சிறுவனுக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறது. நான்கு பெயர்களை எழுதிய பின், "ஐந்தாவது எது, பாட்டி?" என்று அவன் கேட்பானாயின், அப்புதிரை அமைத்தவர் தம் கடமையைச் செவ்வனே செய்தவராவார்.