காருக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்: கையடக்க சாட்டிலைட் ரேடியோ

அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபிலிருந்து கிழக்கே ஐ-40 நெடுஞ்சாலையில் போனால் எஃப்.எம். ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகக் கரகரத்து மறைந்துவிடும். செல்போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான். இந்த மாதிரி ரோடுகளை நம்பித்தான் அமெரிக்காவில் சாட்டிலைட் ரேடியோ இன்னும் பிழைத்திருக்கிறது. எக்ஸ்எம் என்ற நிறுவனம் 2001-லும் சிரியஸ் என்ற நிறுவனம் 2002-லும் சேவையைத் தொடங்கின. 2008-ல் இரண்டும் இணைந்தன. புதுக் கார்கள் பலவற்றில் ரிசீவர் உள்ளேயே வந்துவிடுகிறது. என்னுடையது பழைய கார். அதனால் கழற்றி மாட்டும் ரகம் வாங்கினேன்: உள்ளங்கையளவு ரிசீவர், காருக்கு ஒரு டாக், வீட்டுக்குத் தனியாகக் காசு கொடுத்து இன்னொன்று.

காரில் எல்லாமே ஆன்டெனாதான். தீப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புக் கட்டி, அடியில் காந்தம். கூரையில் வைத்தால் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். சோம்பல்பட்டு டேஷ்போர்டில் வைத்தால் பாதி வானம் மறைந்துவிடும். வயரைப் பின்கண்ணாடி ரப்பர் பீடிங்குக்குள் செருகி, கால்மிதிக்கு அடியில் இழுத்து வருவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும், ஆனால் ஒருமுறை வேலை.

பாட்டைக் கார் ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல். ரிசீவரிலேயே குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் உண்டு. காலியான அலைவரிசை ஒன்றைப் பிடித்து வைத்தால், அடுத்த ஊரில் அதே இடத்தில் உள்ளூர் ஸ்டேஷன் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஜாஸுக்கு நடுவே பாதிரியார் பிரசங்கம் ஆரம்பிப்பார். 2006-ல் இத்தகைய டிரான்ஸ்மிட்டர்கள் சில அனுமதித்த சக்தி வரம்பை மீறுவதாக அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் பிடித்தது. காரில் ஆக்ஸ் துளை இருந்தால் யோசிக்காமல் வயரைப் போடுங்கள்.

பாலத்துக்கு அடியில் போனாலும் பாட்டு அறுவதில்லை. எக்ஸ்எம் வடிவமைப்பில் இரண்டு சாட்டிலைட்கள் ஒரே நிகழ்ச்சியைச் சில நொடி இடைவெளியில் அனுப்புகின்றன. ஒன்று மறைந்தால் ரிசீவர் மற்றதை வைத்துச் சமாளிக்கிறது. நகரங்களில் தரைக் கோபுரங்களும் உதவுகின்றன. மழைக்கும் அசராது. டி.டி.எச். டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். சாட்டிலைட் ரேடியோ ஓடுவது 2.3 கிகாஹெர்ட்ஸில், மழை பெரிதாகத் தொடாத அலைவரிசை. அடர்ந்த பைன் காடும் நீண்ட சுரங்கப்பாதையும்தான் எதிரிகள்.

வீட்டுக்குள் வந்தால் கதை வேறு. சாட்டிலைட்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால் ஆன்டெனாவுக்குத் தெற்கு வானம் தெரிய வேண்டும். என் அபார்ட்மென்ட் ஜன்னல்கள் வடக்குப் பார்த்தவை. கோபுர சிக்னல் எட்டினால் பாடும், இல்லாவிட்டால் மௌனம். அப்படிப் பாடினாலும், ரோட்டுச் சத்தத்தில் தெரியாத குறை அமைதியான ஹாலில் தெரிந்துவிடுகிறது. குறுகிய அலைவரிசைக்குள் ஏகப்பட்ட சேனல்களை நெருக்கி அடைத்திருப்பதால் சிம்பல் ஒலி சிதைகிறது; பேச்சு சேனல்கள் டெலிபோனில் பேசுவது போலிருக்கின்றன. வைஃபை இருக்கும் வீட்டில் இதெல்லாம் எதற்கு? அதே நிறுவனத்தின் ஆப்பில் அதே சேனல்கள் சுத்தமாகவே வருகின்றன.

இந்தியாவில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சாட்டிலைட் ரேடியோ கேட்டவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகமிருக்கும். 2009 முடிவில் அந்தச் சேவை நின்றது; ரிசீவர்கள் அலமாரிக்குப் போயின. இதுவும் அதே ஜாதி: சேவையோ மாதச் சந்தாவோ நின்றால் வெறும் பெட்டி.

பாலைவனம், மலை என்று அடிக்கடி நெடுந்தூரம் ஓட்டுபவர் தாராளமாக வாங்கலாம். தினமும் ஊருக்குள்ளேயே ஆபீஸ் போய் வருபவருக்குச் செல்போன் போதும். வீட்டு டாக் வாங்கும் ஆசை இருந்தால், கார்டைத் தேய்க்கும் முன் ஜன்னலைத் திறந்து தெற்கு வானம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.