செவிடு என்னுஞ் சொல்லும் நகைச்சுவை மரபும்

கேள்விக்கெனத் திருக்குறள் ஓரதிகாரம் வகுத்தது. அவ்வதிகாரத்துள், கேள்வியால் துளைக்கப்பெறாத செவி ஓசையைக் கேட்பினும் செவிடே என்னும் கருத்தும் உண்டு. ஈண்டுச் செவிடு அறியாமைக்கு உவமையாயிற்று. கருத்து உயர்ந்ததே, ஆயினும் அவ்வுவமையின் சுமையை மெய்யாகவே செவி கெட்டவன் சுமக்கின்றான். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு உரைத்த புறநானூற்று 28ஆம் பாட்டும் எண்வகை எச்சங்களுள் செவிட்டை ஒன்றாக எண்ணிற்று.

தொல்காப்பியர் கிளவியாக்கத்துள், உயர்திணைப் பொருளவேனும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களோடு உறுப்பின் கிளவியையும் சேர்த்தார். ‘செவிடு வந்தது’ என்பது இதனுள் அடங்கும். அரசும் குழவியும் அவ்வடுக்கில் உளவாதலின் ஆசிரியர் இழிவு கருதினார் எனல் பொருந்தாது. பின்னை வழக்கே அதனை வசையாக்கிற்று.

முடமோசியார், ஐயூர் முடவனார் என உடற்குறையைப் பெயரில் தாங்கிய சான்றோர் உளர். அந்தகக்கவி வீரராகவ முதலியார்க்குப் பார்வையின்மையே பட்டமாயிற்று. செவிட்டுப் பெயர் தாங்கிய புலவரை யாம் காணோம். கண்ணிழந்தார்க்கு இரக்கமும் செவியிழந்தார்க்கு நகையும் என்னும் இவ்வேறுபாட்டை, தாமே கேள்வி குன்றிய ஆங்கில நாவலாசிரியர் டேவிட் லாட்ஜும் 2008இல் வெளிவந்த தம் நாவலில் எடுத்துப் பேசுகின்றார்.

யானைக்கவுனியில் வால்டாக்ஸ் சாலையிலிருந்த ஒற்றைவாடைக் கொட்டகை பாய்ஸ் கம்பெனி நாடகங்களாற் பெயர் பெற்றது. (மதிலும் கவுனியும் போயின; பெயர்களே எஞ்சின.) ஒன்று வினவ வேறொன்று விடையிறுக்கும் செவிடன் மேடைக்கும் பின்னர்த் திரைப்படத்திற்கும் எளிதிற் கிடைத்த பாத்திரம். 1996இல் மூடப்பெற்ற பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளோ அக்கொட்டகைக்கு நெடுந்தொலைவில் இருந்தில. தறிக்கூடத்தின் இடையறாப் பேரொலி உட்செவியின் நுண்மயிர் அணுக்களை ஆண்டுக்கணக்கில் அழிக்கும், அழிந்தவை மீளா. உயர்சுருதி ஒலிகளே முதலிற் கெடுதலின், பேச்சுக் காதில் விழும், சொல் விளங்காது. விடை பிறழ்வதற்கு இதுவே காரணம். மேடை அதனைப் பேதைமையாகக் காட்டிற்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஒலியால் விளையும் கேள்விக்குறை அறிவிக்கத்தக்க நோயாகப் பின்னர் இடம்பெற்றது. தொழிலாளியின் புண்ணைக் காட்டித் தொழிலாளியையே நகைக்கச் செய்த அம்மேடை மரபை யாம் பாராட்டுதற்கில்லை.

இந்நகையின் அச்சமே காது கேட்கும் கருவியையும் தொடர்கின்றது. மூக்குக்கண்ணாடி அணிந்த பாத்திரம் கற்றவன். கருவி அணிந்தது கிழம் அல்லது கோமாளி. விற்போரும் ‘வெளியே தெரியாது’ என்பதையே கருவியின் முதற்சிறப்பாகக் கூறுவர். வாங்கியவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கேளாததைக் கேட்டதாகத் தலையசைக்கின்றார். எத்துணை நுண்ணிய நடிப்பு அது! ஒற்றைவாடை நடிகர்க்கும் அரிது.

தமிழ்நாட்டரசு 2010இல் ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லை வழக்கிற் கொணர்ந்தது. நடுவணரசின் 2016ஆம் ஆண்டுச் சட்டமோ இருசெவியிலும் 60 டெசிபல் இழந்த பின்னரே கேள்விக்குறையைக் கணக்கிடும். நடுவயதில் 50 டெசிபல் இழந்தவர் புறநானூற்று எச்சத்துள்ளும் அடங்கார். அது பிறவி பற்றியது. சட்டத்துள்ளும் அடங்கார். அவரை வீட்டார் அழைக்கும் பெயர் மட்டும் பழையதே.