நார் தெரியாத கிளி

பங்குனி வெயில் ஏறும்போதுதான் சிவகாசிப் பக்கம் புங்கமரங்கள் தளிர் விடும். வறண்டு கிடக்கிற வெளியில், எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் அந்த இளம்பச்சையைப் பார்த்துக்கொண்டே மேற்கே 20 கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். வடபத்ரசயனர் கோயிலின் 11 நிலைக் கோபுரம், 192 அடி, தொலைவிலேயே கண்ணை இழுத்துக்கொள்ளும். ஆசை தீர அண்ணாந்து பார்த்துவிட்டு என்னோடு ஆண்டாள் சன்னதிக்கு வாருங்கள். அவள் இடது கையில் ஒரு கிளி இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறேன்.

அந்தக் கிளி தினமும் புதிதாகப் பிறக்கிறது. இலையும் பூவும் ஓலையும் நாருமாகக் கட்டி முடிக்க ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். மாலை சாயரட்சைப் பூசையில் ஆண்டாள் கைக்கு ஏறும். மறுநாள் காலை விசுவரூப தரிசனம் வரை அங்கே இருக்கும். பிறகு, கேட்டு வைத்த யாரோ ஒரு பக்தரின் வீட்டுக்குப் போய்விடும்.

முதலில் மூக்கைப் பாருங்கள். மாதுளம்பூ அது. எத்தனையோ சிவப்புப் பூக்கள் இருக்க மாதுளையை எடுத்த அந்த முதல் கையை நான் எப்போதும் வியப்பேன். மற்றப் பூவின் இதழ் இரவுக்குள் துவண்டுவிடும். மாதுளையின் புறவிதழ் தடித்தது, தோல்போல் இறுகியது, நுனியில் மெல்ல வளைந்தது. நிறமும் தனிச் சிவப்பு அல்ல. உள்ளே ஒரு மஞ்சள் கனல் இருக்கும். பழம் கொத்திவிட்டு இப்போதுதான் நிமிர்ந்த கிளியின் மூக்கேதான்.

உடலுக்கு மரவள்ளி இலை. சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். இந்த இரண்டு பச்சைகளையும் அடுத்தடுத்து வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். மரவள்ளிப் பச்சை ஒளியை உள்வாங்கிக்கொண்டு மெத்தென்று இருக்கும்; கழுத்தடி இறகின் மென்மை அதில் உண்டு. நந்தியாவட்டையோ வழவழப்பு, விளக்கொளி பட்டால் சறுக்கி ஓடும். மார்பு மங்கலாகவும் சிறகு பளபளப்பாகவும் இருப்பது உயிருள்ள பறவையின் இலக்கணம். சாயம் தொடாமல், இலையைத் தேர்ந்தே அந்த இலக்கணத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வாலுக்கு வெள்ளரளி, செவ்வரளி மொட்டுகள். கிளியின் வாலில் வெள்ளையும் சிவப்பும் ஏது? இங்கே கைவினைஞர் கிளியை விட்டுவிட்டு அழகின் பக்கம் போய்விட்டார். போனது எவ்வளவு நல்லது! அரளி மொட்டை ஒருநாள் கண்ணருகே வைத்துப் பாருங்கள். கூம்பிய இதழ்கள் ஒன்றையொன்று சுற்றி, நூல் முறுக்கினாற்போல் திருகி நிற்கும். அருப்புக்கோட்டைத் தறிகளுக்கு நூல் முறுக்கும் மாவட்டத்தில், பூவும் முறுக்கேறித்தான் வருகிறது. கண்ணுக்குக் காக்காய்ப்பொன். தீபம் அசையும்போதெல்லாம் அதில் ஒரு மினுக்கு ஓடும். அந்த நொடியில் கிளி உங்களைப் பார்க்கும்.

இத்தனையையும் பிடித்து நிறுத்துவது வாழைநார். என் மனம் போய்ச் சிக்கிக்கொள்வது அங்கேதான். காய்ந்த நாரை அப்படியே இழுத்துக் கட்டினால் முறியும். நனைத்தால் பட்டுப்போல் இளகும். நகத்தால் கீறினால் மயிரிழைவரை பிரியும். மல்லிகைக் காம்பை நசுக்காமல் இறுக்குகிற அந்தப் பக்குவம்தான் இங்கேயும். இறுக்கம் கூடினால் இலை கிழியும், குறைந்தால் சிறகு சரியும். முடிச்சு கண்ணில் படக்கூடாது, படுவதும் இல்லை. சுற்றுவட்டாரமே இழையறிந்த விரல்களின் ஊர். சிவகாசியில் சணல் இழையை இறுக்கிச் சுற்றி வெடிக்கு வலுவேற்றுகிறார்கள். ஓலை வெடிக்கு மடிப்பதும் பனையோலைதான். அங்கே மருந்தைப் பொதியும் ஓலை, இங்கே சிறகு விரிக்கிறது.

ஆண்டாள் அரங்கனிடம் கிளியைத் தூது விட்டாள் என்பது ஊர் சொல்லும் கதை. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் குயிலுக்கென்றே ஒரு பதிகம் பாடியவள் அவள். ஆனாலும் கையில் இடம் பிடித்தது கிளி. வேம்பு பூக்கத் தொடங்கும் பங்குனியில், உத்திரத்தன்று அவளுக்கும், இங்கே ரெங்கமன்னாராக நிற்கும் அந்த அரங்கனுக்கும் திருக்கல்யாணம். அதே திருமொழியின் வாரணமாயிரம் பதிகத்தில் தோழியிடம் சொன்ன கல்யாணக் கனவை ஊரே கூடி நடத்திவைக்கும் நாள் அது. திருப்பதியிலிருந்து பட்டு வந்து சேரும். பெண்ணை அனுப்பும் வீட்டில் எழும் கலக்கமும் பெருமிதமும் அன்றைக்குக் கூட்டத்தில் நிற்கும் கிழவிகளின் முகத்தில் தெரியும்.

அடுத்த மாதம் சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அணிய, ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மதுரைக்குப் புறப்படும். கிளியும் கூடப் போகும். புரட்டாசியில் திருமலைக் கருடசேவைக்கும் அப்படியே. கதையில் போன தூது இன்றுவரை நின்றபாடில்லை. மரவள்ளி இலையில் சிறகு கட்டிக்கொண்டு ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு ஒரு கிளி கிடைத்தால், வாடிய இலையாயிற்றே என்று அவசரமாகப் பூசையறை மாடத்தில் வைத்துவிடாதீர்கள். சன்னலோரம் கொண்டுபோய், வயிற்றுப் பக்கம் மெல்லத் திருப்பி, நார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருதரம் தேடிப் பாருங்கள்.