புகாரை விசாரிப்பவர் யார்?

தாடிக்கொம்புக்காரர் ஒருவரைக் காவல் நிலையத்தில் வைத்து அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டப்படி அவர் திண்டுக்கல் மாவட்டப் புகார் ஆணையத்திடம் முறையிடலாம். அதன் தலைவர் கலெக்டர்; எஸ்.பி. ஓர் உறுப்பினர். மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். ஆக, அடித்தவரின் மேலதிகாரிதான் புகாரையும் விசாரிக்கிறார். 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது இதை அல்ல. மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும், மாநிலத்தில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என்றது.

இலங்கையில் ஏற்பாடு இதைவிட உறுதியானது. பொலிஸாருக்கு எதிரான புகார்களை விசாரிக்கும் பொறுப்பைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு அரசியலமைப்பே கொடுத்திருக்கிறது. 2001இல் 17ஆவது திருத்தம் அதை உருவாக்கியது. ஆனால் 2010இல் 18ஆவது திருத்தம் அதன் நியமன, ஒழுக்காற்று அதிகாரத்தைப் பிடுங்கியது. 2015இல் திரும்பக் கிடைத்தது. 2020இல் மறுபடி போயிற்று. 2022இல் மறுபடி வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் அதிகாரம் மாறும் ஆணைக்குழுவைக் கண்டு எந்த அதிகாரி அஞ்சுவார்?

பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னக்கோன் விவகாரம் அதைக் காட்டியது. 2010இல் ஒருவரைச் சித்திரவதை செய்ததில் அவருக்குப் பொறுப்பு உண்டு என்று 2023 டிசம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி ஆணைக்குழுவுக்கும் உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் அவரையே பொலிஸ் மா அதிபராக நியமித்தார்கள்! ஜூலையில் அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால், ஒரு எதிர்வாக்கும் இல்லாமல், அவரை நீக்கியது. இவ்வளவுக்கும் முன்னால் நின்று வேலை செய்தது நீதிமன்றமே.

நம் பக்கமும் கதை அதுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது புகார் ஆணையம் எதுவும் கதவைத் தட்டவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் காவல் நிலையத்துக்குள் நுழைந்தார். போலீஸார் ஒத்துழைக்க மறுத்தார்கள். கேமரா பதிவுகள் தினமும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. ஆனால் இத்தனையும் இரண்டு உயிர் போன பிறகுதான். உயிர் தப்பியவரின் வீங்கிய கால்களுக்காக உயர் நீதிமன்றம் தானாக வழக்கு எடுப்பது அரிது. அந்த இடத்துக்குத்தான் புகார் ஆணையம் வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் சேர்ந்து நடத்தும் ஆணையத்தால் அது முடியாது என்பதே என் முடிவு. காவல்துறையைச் சாராத விசாரணை அலுவலர்கள் இல்லாவிட்டால், ஓய்வுபெற்ற நீதிபதி வந்தாலும் போலீஸ் எழுதிய அறிக்கையைத்தான் படித்துக்கொண்டிருப்பார்.

2013 சட்டத்தைத் தமிழக அரசு திருத்த வேண்டும். அதுவரை ஒன்றை மறக்காதீர்கள். கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது, காவலில் அடித்தார்களா என்று அவர் கேட்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு உரிமை உண்டென்றும் சொல்ல வேண்டும். ஷீலா பார்சே வழக்கில் 1983இலேயே உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை இது. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.