‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தில் ஆட்ட உத்தி: டான்சிங் ரோஸ் மோதலை முன்வைத்து

முன்னுரை

பா. இரஞ்சித் இயக்கத்தில் 2021ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் பிரைம் தளத்தில் வெளியான ‘சார்பட்டா பரம்பரை’, 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டை மரபைக் கதைக்களமாகக் கொண்டது. ராயபுரம், காசிமேடு முதலிய பகுதிகளின் உழைக்கும் மக்களிடையே வேரூன்றிய இம்மரபில் ‘பரம்பரை’ என்னும் சொல், குருதி உறவைக் காட்டிலும் ஒரு வாத்தியார்வழிப் பயிற்சி மரபையே குறிக்கிறது. இப்படத்தில் ஆட்ட உத்தி எவ்வாறு கதைப்பொருளாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பார்வையே பயிற்சி

தாய் பாக்கியத்தின் தடையால் கபிலன் மேடையேறாதவன். ஆயினும் சிறுவயது முதல் ரங்கன் வாத்தியாரின் ஆட்டத்தைக் கூர்ந்து கண்டவன். இப்பார்வையறிவே அவனது முதல் ஆயுதம். டான்சிங் ரோஸுடனான மோதலில் இது தெளிவாகப் புலப்படுகிறது. ரோஸ் கைகளைத் தாழ்த்தி, உடலை வளைத்து, ஆடியவாறே எதிராளியின் கணிப்பைக் குலைக்கிறான். 1990களில் புகழ்பெற்ற பிரித்தானிய வீரர் நசீம் ஹமீதின் பாணியை இது நினைவூட்டுகிறது. காவலின்மை இங்குக் குறைபாடு அன்று. எதிராளியை முந்தித் தாக்கத் தூண்டும் பொறி. தொடக்கத்தில் கபிலனின் குத்துகள் காற்றில் வீணாகின்றன. பின்னர் அவன் ரோஸின் கால் அசைவையும் தாளத்தையும் உள்வாங்கி, ஆட்டம் தன் எல்லைக்குள் வரும் கணத்தில் தாக்கி வீழ்த்துகிறான். அவ்வெற்றி உடல் வலிமையினும் வாசிப்புத் திறனுக்கே உரியது.

களத்திற்கு வெளியே

வேம்புலியுடனான முதல் மோதலில் கபிலனின் கை ஓங்கும்போது, கும்பலொன்று மேடையேறி அவனை ஆடையின்றி அவமதிக்கிறது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட சூழலில் ரங்கனும் கைதாகிறார். களத்தினுள் வெல்ல முடியாத உத்தியைக் களத்திற்கு வெளியிலுள்ள சாதியும் அதிகாரமும் முறிக்கின்றன என்பதே இக்காட்சியின் பொருள்.

பிற்பகுதியில் படம் இவ்விழையைத் தளர விடுகிறது. பீடி ராயப்பனிடம் பெறும் பயிற்சி பாடலோடு கூடிய காட்சித் தொகுப்பாகச் சுருங்குகிறது. இறுதி மோதலில் மன உறுதி முன்னிறுத்தப்படும் அளவுக்கு, வேம்புலியின் ஆட்டத்தைக் கபிலன் எவ்வாறு கணிக்கிறான் என்பது விளக்கம் பெறவில்லை. வழக்கமான நாயக வெற்றியின் இலக்கணம் இங்கு மேலோங்குகிறது.

முடிவுரை

ஒடுக்கப்பட்ட உழைப்பாளியின் உடலை வலிமையின் குறியீடாக மட்டும் காட்டும் திரைமரபிலிருந்து ரோஸ் மோதல் விலகி நிற்கிறது. அங்குக் கபிலன் சிந்திப்பவனாக வெல்கிறான். இறுதியிலோ தாங்குபவனாக வெல்கிறான். இவ்விடைவெளியே படத்தின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே உணர்த்துகிறது எனலாம்.