தாழப் பறக்கும் கலை

ரோலர் கோஸ்டர் என்று பேச்செடுத்தாலே எண்கள்தான் முதலில் வந்து நிற்கும். எவ்வளவு உயரம், எத்தனை வேகம், எத்தனை தலைகீழ்? அபுதாபியில் 2010-இல் திறந்த ஃபார்முலா ரோஸா மணிக்கு 240 கிலோமீட்டரில் சீறிப் பாய்கிறது. ஜெர்மனியின் ப்ரூல் நகரிலுள்ள ஃபன்டாசியாலண்ட் பூங்காவின் ‘ஃப்ளை’ தொடும் உச்ச வேகமோ 78 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் ஒரு சாதாரண கார் போகிற வேகம். இருந்தும், ஏறி இறங்கிய கோஸ்டர்களில் என்னை மறுபடி மறுபடி நினைக்க வைப்பது இந்த ஒன்றுதான். அதன் அழகு முழுவதும் நுணுக்கத்தில் இருக்கிறது.

கொலோனுக்குத் தெற்கே, ரயிலில் சிறிது தூரத்தில் இருக்கிறது ப்ரூல். 1967-இல் தொடங்கிய இந்தப் பூங்காவைச் சுற்றிக் குடியிருப்புகள் உண்டு. விருப்பம்போல உயர்த்திக் கட்டவோ, இஷ்டத்துக்குச் சத்தம் எழுப்பவோ முடியாது. அதனால் இங்குள்ள பொறியாளர்கள் வானத்தை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டினார்கள். 2006-இல் வந்த ‘ப்ளாக் மாம்பா’ பாறைச் சுவர்களையும் நீர்நிலையையும் உரசுவதுபோல் தாழ்ந்து ஓடுகிறது. 2016-இல் வந்த ‘டாரோன்’ அறுகோணக் கருங்கல் தூண்களுக்கு நடுவே, தன் தடத்தையே ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் குறுக்கே கடந்து, பின்னிப் பிணைந்து கிடக்கிறது. வாய்த்த இடம் சிறியது என்பதால் அருகாமையையே ருசியாக்கிய மரபு இது. 2020 செப்டம்பர் 17 அன்று திறந்த ஃப்ளை, அந்த மரபு கனிந்து வந்த பழம்.

கோஸ்டர் இருக்கும் பகுதிக்கு ரூக்பர்க் என்று பெயர். நீராவியும் இரும்பும் ஆண்ட காலத்து நகரமாக, கற்பனையிலிருந்து முழுக்கக் கட்டியெழுப்பியது. சுரங்கம்போன்ற ஒரு வழியைக் கடந்தால் நாலாபுறமும் உயர்ந்த சுவர்கள் சூழ்ந்த முற்றம். உள்ளே வந்தபின் பூங்காவின் மற்ற எந்த மூலையும் கண்ணில் படாது. செங்கல் சுவரை நெருங்கிப் பார்த்தேன். எல்லாக் கல்லும் ஒரே சிவப்பு இல்லை. புகை படிந்ததுபோல் சில கருத்திருக்கின்றன, சில வெளுத்திருக்கின்றன. இரும்புத் தகடுகளின் ரிவெட் தலைகளுக்குக் கீழே, ஆண்டாண்டு மழையில் துரு கரைந்து இறங்கியதுபோல மெல்லிய பழுப்புக் கோடுகள். ஓடும் ரயிலிலிருந்து இந்தக் கோட்டைப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் இங்கே நின்று பார்க்கிறவருக்கு இந்த நகரம் பழையது என்று நம்ப இந்தக் கோடு போதும். தீட்டியவர் அந்த ஒருவருக்காகத் தீட்டியிருக்கிறார்.

முற்றத்தின் உள்ளேயே ஒரு விடுதி. 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்ல்ஸ் லிண்ட்பர்க்கின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கப்பல் அறைபோன்ற சிறு சிறு கேபின்கள். கோஸ்டரின் தடம் இந்த விடுதியைச் சுற்றி வளைந்து, ஜன்னல்களின் முன்னால் ஓடி, நடைபாலங்களின் மேலே ஏறி இறங்குகிறது. வேறு பூங்காக்களில் தடத்துக்கு ஓர் இடம், மக்களுக்கு ஓர் இடம் என்று வேலி பிரித்துவிடும். இங்கே நடக்கிறவர், சாப்பிடுகிறவர், தங்குகிறவர், பறக்கிறவர் எல்லோருக்கும் ஒரே வெளி. தலைக்கு மேலே ரயில் கடக்கும்போது காற்று அசைவது கீழே நிற்பவருக்கும் தெரிகிறது.

இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு சாவி நழுவினால் கீழே போகிறவர் தலையில்தான் விழும். ஆகவே வரிசையில் போகும்போதே கைப்பை, போன், சில்லறை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டு, உலோகம் கண்டறியும் வாசலைக் கடக்க வேண்டும். மற்ற இடங்களில் இது எரிச்சலூட்டும் சடங்காகப் படும். இங்கே அதுவும் நன்மையாக முடிகிறது. நேரம் பார்க்கப் போன் இல்லை, படம் எடுக்கவும் வழியில்லை. காத்திருக்கும் நேரம் முழுக்கக் கண்ணும் காதும்தான் வேலை செய்கின்றன. ‘இமாஸ்கோர்’ குழுவினர் அமைத்த இசை சுவர்களுக்கு நடுவே எதிரொலித்து வருகிறது. அதனூடே ரயில் ஏவப்படும் ஒலி எழுந்து அடங்குகிறது.

இனி இருக்கை. பறக்கும் கோஸ்டரின் சூட்சுமம் அனைத்தும் அதில்தான். உடலைக் குப்புறக் கிடத்தி, முகம் தரையைப் பார்க்கப் பறக்கவிடுவது இவ்வகைக் கோஸ்டரின் ஆசை. ஆனால் ஒரு மனிதரை எப்படிக் குப்புற ஏற்றுவது? 2000-இல் கலிஃபோர்னியாவில் வந்த ‘ஸ்டெல்த்’ பயணிகளை மல்லாத்திக் கிடத்தி மேட்டில் ஏற்றி, உச்சியில் தடத்தையே முறுக்கிக் கவிழ்த்தது. 2002-இல் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் வந்த ‘ஏர்’, நிலையத்திலேயே இருக்கைகளைப் பின்னாலிருந்து தூக்கி மக்களைக் குப்புறத் தொங்கவிட்டது. அந்த நிலையில், ரயில் கிளம்பும்வரை ரத்தம் முகத்துக்கு இறங்கக் காத்துக் கிடக்க வேண்டும். ஸ்டெல்த்தைச் செய்ததும் ஃப்ளையைச் செய்ததும் நெதர்லாந்தின் வெகோமா நிறுவனந்தான். இருபது ஆண்டு இடைவெளியில் அது கண்ட விடை நேர்த்தியானது.

ஃப்ளையின் நிலையத்தில் நாம் நிமிர்ந்து, பயணத் திசைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் பார்த்து உட்கார்கிறோம். நாற்காலியில் அமர்வதுபோல் இயல்பாக அமரலாம். மார்புக் கவசம் இறங்குகிறது. ரயில் மெதுவாக ஓர் இருட்டறைக்குள் நகர்கிறது. அங்கே, ஓடிக்கொண்டிருக்கும்போதே, இருக்கைகள் திரும்பிக் கவிழ்கின்றன. எந்த நொடியில் அது நடந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. குலுக்கல் இல்லை, பூட்டு விழும் சத்தம் இல்லை. முதுகின் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக மார்புக்கு மாறுவது மட்டும் தெரிந்தது. தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து பாய்க்கு மாற்றும் தாயின் கைப்பதம் அது. இயந்திரத்துக்கு இப்படி ஒரு பதத்தைக் கற்றுக்கொடுக்க எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

அடுத்தது ஏவுதல். சங்கிலி இழுத்து மேட்டில் ஏற்றும் கடகடப்பு இங்கே கிடையாது. தடத்தில் வரிசையாகப் பதித்த மின்சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற்று, ரயிலின் காந்தங்களை இழுத்தும் தள்ளியும் விரட்டுகின்றன. ஒன்றையொன்று தொடாமலே வேகம் பிறக்கிறது. பறக்கும் கோஸ்டர்களில் இவ்வாறு ஏவப்பட்டது உலகிலேயே இதுதான் முதல். குப்புறக் கிடக்கும் உடலுக்கு இந்த உந்துதல் புதுவிதமாக இருக்கிறது. காரில் வேகமெடுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்தும். இங்கே தலை முன்னால், கால் பின்னால். பறவை கிளம்பும் விதம்.

இருட்டு விலகி வெளிச்சம் வந்ததும் கீழே ஒரு தெரு. மேலே வானமோ தூரத்துத் தொடுவானமோ இல்லை. கண்ணுக்குக் கீழே செங்கல்லும், படிக்கட்டும், அண்ணாந்து பார்க்கும் முகங்களுமே. ஒரு பாலத்தை நெருங்குகிறோம். மோதிவிடுவோம் என்று கைகள் தாமே மடங்குகின்றன. தடம் சற்றே எழும்பி மேலாகக் கடக்கிறது. ஒரு சுவர் பக்கவாட்டில் வருகிறது. உடல் சாய்ந்து விலகுகிறது. சுருண்டு திரும்பும் இரண்டு தலைகீழ்களில், இதுவரை மார்பைத் தாங்கிய கவசம் சும்மா கிடக்க, முதுகு இருக்கையில் புதைகிறது. கண்ணுக்கு நேரே ஒரு துண்டு வானம் வந்து போகிறது. அவ்வளவு நேரம் தரையையே பார்த்த கண்ணுக்கு அந்தத் துண்டு நீலம் திகட்டாத விருந்து. நடுவழியில் இன்னொரு ஏவுதல் வந்து, தளரத் தொடங்கிய ரயிலுக்குப் புத்துயிர் கொடுக்கிறது. தடத்தின் நீளம் 1,236 மீட்டர். அதற்குமுன் பறக்கும் கோஸ்டர்களில் நீளமானதாக இருந்த ஒசாகாவின் ‘ஃப்ளையிங் டைனோசர்’ 1,124 மீட்டர். இத்தனை நீளத்தையும் ஒரு முற்றத்துக்குள் மடித்து வைத்து, மடிப்பு தெரியாமல் ஓடவிட்டிருக்கிறார்கள்.

78 கிலோமீட்டர் என்ற எண்ணின் அருமை இங்கேதான் விளங்கும். வளைவில் உடலை அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. குப்புறக் கிடப்பவருக்கு அந்த அழுத்தம் முழுவதும் மார்பில் இறங்கும். அளவு மீறினால் மூச்சு முட்டும். இத்தனை குறுகிய இடத்தில் இத்தனை இறுக்கமான வளைவுகளை இன்னும் வேகமாக ஓட்டினால் பறப்பது போய் நசுங்குவதுதான் மிஞ்சும். கண்ணுக்கும் இந்த அளவே உகந்தது. சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் 78 என்பது மின்னல். அதே வேகத்தில், கீழே நின்று கையசைக்கும் குழந்தையின் முகம் சிரிப்பாகவே கண்ணில் பதிகிறது. உடலுக்கு விரைவும் பார்வைக்குத் தெளிவும் ஒருசேரக் கிடைக்கும் அந்த ஒரு புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே நின்றிருக்கிறார்கள். இதற்குமேல் ஓட்ட முடிந்தும் ஓட்டாமல் நிறுத்திய அந்த அடக்கத்தை நான் பெரிதும் மெச்சுகிறேன்.

முடிவும் அதே நிதானம். பிரேக் பிடித்ததும் இருக்கைகள் பழையபடி நிமிர்கின்றன. தள்ளாட்டம் இல்லாமல் எழுந்து நடந்து வெளியேறலாம். பக்கத்தில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு இறங்கவில்லை. முகம் மலர்ந்து, எதைக் கடந்தோம் என்று ஒருவருக்கொருவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோஸ்டர் தன் பயணிகளைப் பார்வையாளர்களாக்கி அனுப்புவதை இங்கேதான் கண்டேன்.

ப்ரூலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாசல் திறந்ததும் வரிசைக்கு ஓடாதீர்கள். முதலில் முற்றத்தின் பாலங்களில் ஏறி இறங்கி, தடம் எந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறது, எந்த ஜன்னலின் முன்னால் வளைகிறது என்று ஆற அமரப் பாருங்கள். ராகம் தெரிந்தவருக்குக் கச்சேரி இரட்டிப்பாக இனிக்கும். எந்த வளைவு எதற்காக அப்படி வளைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஏறுகிறவருக்கு ஃப்ளை அள்ளிக் கொடுக்கும்.