மார்கழி: வழியின் தலையா, மானின் தலையா?

தனுர்மாதம் நெருங்கும்போதெல்லாம் உபந்யாஸங்களிலும் மலர்களிலும் ஒரு விளக்கம் தவறாமல் வருகிறது. மார்கம் என்பது வழி. சீர்ஷம் என்பது தலை. ஆகவே மார்கசீர்ஷம் என்றால் வழிகளில் தலையாயது என்பர். எம்பெருமானையே உபாயமாகப் பற்றும் திருப்பாவைக்கு இது பொருந்துவதுபோலவும் தோன்றும். கேட்பதற்கும் இனியது. ஆயினும் சொல்லின் பொருள் இதுவன்று. இனிமை கருதி இதை ஏற்றால், அப்பெயர் உண்மையில் தாங்கி நிற்கும் ஒரு பொருளை நாம் இழக்கிறோம் என்பதே அடியேன் விண்ணப்பிக்க விரும்புவது.

வ்யாகரணம் இங்கே ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நக்ஷத்ரத்தோடு கூடிய காலத்துக்கு அந்நக்ஷத்ரப் பெயரடியாகவே பெயர் அமைவதைப் பாணினி 4.2.3ஆம் ஸூத்ரத்தில் விதித்தார். அத்தகைய பௌர்ணமாஸியை உடைய மாதம் அதனாலேயே பெயர் பெறுவதை 4.2.21இல் விதித்தார். ம்ருகசீர்ஷத்தோடு கூடிய பௌர்ணமாஸி மார்கசீர்ஷீ. அதை உடைய மாதம் மார்கசீர்ஷம். விசாகையால் வைசாகம், க்ருத்திகையால் கார்த்திகம் என்பன போலவே இதுவும். முதலெழுத்து வ்ருத்தி பெற்றதனால் ம்ருகம் 'மார்க' என நின்றது. அது மான், வழியன்று. வழி என்னும் பொருளே கொள்வோம் என்பார், வைசாகத்துக்கும் கார்த்திகத்துக்கும் என்ன சொல்வார்?

ஒன்று மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். ம்ருக, மார்க என்னும் தாதுக்கள் இரண்டும் தேடுதல் என்னும் பொருளில் ஓதப்படுவன. எனவே மானும் வழியும் வேரில் உறவுடையன. இதை ஸ்வாரஸ்யமாகச் சொல்லலாம். வ்யுத்பத்தி என்று சொல்லலாகாது. தலைமையே வேண்டுமாயின், அமரகோசம் இம்மாதத்துக்குக் கூறும் 'ஆக்ரஹாயணிகம்' என்னும் பெயர் இருக்கிறது. ஹாயனம் ஆண்டு, அக்ரம் முதல். ஒரு காலத்தில் ஆண்டின் தலைமாதமாக இது எண்ணப்பட்டது அப்பெயரால் விளங்கும். பாலகங்காதர திலகர் 1893இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில் இப்பெயரை முக்கியச் சான்றாகக் கொண்டார்.

இனித் தமிழ் வடிவம். ழகரம் இருப்பதால் இது வடமொழித் தொடர்பற்ற சொல் என்பாரும் உளர். நாடிகா நாழிகையாயிற்று, கருடன் கலுழனானான். ஆகவே ழகரம் மட்டும் சான்றாகாது. ஈற்று இகரமே இங்கு உற்று நோக்கத்தக்கது. மாதத்தின் பெயர் மார்கசீர்ஷம் என அகர ஈறு. பௌர்ணமாஸியின் பெயரோ மார்கசீர்ஷீ என ஈகார ஈறு. ச்ராவணீ ஆவணியாகவும், வைசாகீ வைகாசியாகவும், பால்குனீ பங்குனியாகவும் வந்தமை காண்க. தமிழர் மாதத்துக்கு வழங்கிய பெயர், நிறைமதி நாளின் பெயரே. இதை மனத்திற்கொண்டு திருப்பாவையின் முதற்பாட்டைச் சேவித்தால், ஆண்டாள் மாதத்தின் பெயரைச் சொன்ன உடனேயே மதி நிறைந்திருப்பதைச் சொன்னது வெறும் வர்ணனையாகப் படாது. பெயருக்குள் இருக்கும் திங்களை அவள் வெளியே எடுத்து வைக்கிறாள். 'வழியின் தலை' என்று பொருள் சொல்லும்போது இந்தத் திங்கள்தான் மறைந்துபோகிறது.

இங்கே மெய்யான இடர் ஒன்று உண்டு. அதைக் கட்டுரையாளர்கள் தொடுவதில்லை. கீதையின் பத்தாம் அத்யாயத்தில் கண்ணன் மாதங்களுள் தானாகச் சொன்னது மார்கசீர்ஷம். அது சாந்த்ரமானப் பெயர். நம் மார்கழியோ ஸூர்யன் தனுஸ்ஸில் நிற்கும் ஸௌரமாதம். அமாவாஸ்யையில் முடியும் சாந்த்ர மார்கசீர்ஷத்தின் ஒரு பகுதி பெரும்பாலும் நம் கார்த்திகையிலேயே கழிந்துவிடும். மார்கழியின் முதல் ஆறேழு நாட்களுக்குள் பௌர்ணமி வந்தாலன்றி, அது ம்ருகசீர்ஷத்தில் நேராது. திருவாதிரையிலோ புனர்பூசத்திலோ நேரும். பரிபாடலின் பதினோராம் பாட்டும் நிறைமதியை ஆதிரையோடு சேர்த்தே கூறுகிறது. அப்படியானால் கீதாவசனம் நம் தனுர்மாத நோன்புக்கு எப்படிச் சேரும்?

ருதுவைக் கொண்டே சேரும் என்பது அடியேன் துணிபு. ஸ்ரீபாகவதம் தசமஸ்கந்தம் 22ஆம் அத்யாயத்தில் ஆயர் சிறுமியர் நோற்ற காலத்தைச் சொல்லுமிடத்தில் மாதத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஹேமந்தத்தின் முதல் மாதம் என்றே சொல்கிறது. வடமொழி வழக்கில் ஹேமந்தம் மார்கசீர்ஷத்தில் தொடங்கும். தமிழ் வழக்கில் முன்பனி மார்கழியில் தொடங்கும். மானம் வேறானாலும் ருதுவின் தலைமாதம் என்னும் ஸ்தானம் ஒன்றே. வ்யாக்யாதாக்கள் இவ்விரு மானங்களைப் பிரித்து வாதிடாமல் கீதாவசனத்தை மார்கழிக்கே கொண்டதற்கு இது நியாயமாகப் போதும்.

அந்த ருதுவுக்கு நம் ஸம்ப்ரதாயத்தில் வேறொரு பெருமையும் உண்டு. ஆரண்ய காண்டம் 16ஆம் ஸர்க்கத்தில் இளையபெருமாள் ஹேமந்தத்தைப் பெருமாளுக்கு உகந்த காலமாகவே வர்ணிக்கிறார். அவ்விடத்திலேயே, இந்தக் குளிரில் பின்னிரவில் பரதன் ஸரயுவில் எப்படி நீராடுகிறானோ என்று அவர் நெஞ்சுருகுகிறார். பிரிந்தவனை நினைத்து விடியுமுன் நீராடிய ஒருவன் அயோத்தியிலும் இருந்தான். திருவாய்ப்பாடிப் பெண்களின் நீராட்டத்தைச் சொல்லுமிடத்தில் இதை நினைப்பூட்டாத உபந்யாஸம் குறைவுடையதே.

'பீடை மாதம்' என்னும் வழக்கைப் பற்றி ஒரு சொல். 'பீடுடை' என்பதே 'பீடை' எனத் திரிந்தது என்று பலர் ஸமாதானம் சொல்கிறார்கள். அத்திரிபுக்குப் பழைய ப்ரயோகம் ஒன்றையும் எவரும் காட்டக் கண்டிலேன். தனுர்மாதத்தில் விவாஹாதிகளைத் தவிர்ப்பது, விடியற்போது முழுவதும் பகவதாராதனத்துக்கே ஆகவேண்டும் என்பதனால் என்றே அடியேன் திருத்தகப்பனாரிடம் கேட்டது. அதற்குச் சொல்லைத் திரிக்கவேண்டுவதில்லை.